காருக்கு பெர்ஃபியூம் வாங்குறதுக்கு முன்னாடி கண்ணாடி ரப்பரைத் தொட்டுப் பாருங்க

இது ஒரு கார் மெக்கானிக் எழுத வேண்டிய இழை. டாக்டர் நான் எழுதுறேன். ஏன்னு முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்டுக் குழந்தையோட இருமலுக்கு நான் இன்ஹேலர் டோஸை ஏத்திட்டு இருந்தப்ப, காரணத்துல ஒரு பங்கு எங்க காரோட பின் சீட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில இருந்துச்சு. அது அங்க வந்து சேர்ந்த வழி, ஜன்னல் கண்ணாடி ஓரத்துல இருக்கிற ஒரு ரப்பர் பட்டை.

கொஞ்சம் நீளமான இழை. பழைய கார் வச்சிருக்கவங்களும், செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு யோசிக்கிறவங்களும், வீட்டுல வீசிங் இருக்கிற குழந்தையோ பெரியவங்களோ இருக்கிறவங்களும் கட்டாயம் படிங்க.

எங்க வண்டி 2006 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி பேர் வேண்டாம். அத்தனை வருஷம் வெயில்ல நின்ன ரப்பர் தேயுறதுக்கு கம்பெனி என்ன பண்ணும்? நல்ல வண்டிதான். இன்னைக்கும் முதல் திருப்புலயே ஸ்டார்ட் ஆகும்.

பொண்ணுக்கு 7 வயசு. லேசான ஆஸ்துமா உண்டு. ஒரு ஐப்பசியில இருந்து இருமல் அதிகமாச்சு. காலையில ஸ்கூல்ல இறக்கி விடுறதுக்குள்ள நாலு தும்மல், ராத்திரி வறட்டு இருமல். மழைக்காலம், வைரஸ் சீசன், ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் சளின்னு எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டேன். தடுப்பு இன்ஹேலர் டோஸை ஏத்தினோம். கொஞ்சம் பரவாயில்லை, ஆனா முழுசா நிக்கல.

இதே குழந்தையை வேற யாராவது என் கிளினிக்குக் கூட்டிட்டு வந்திருந்தா முதல் கேள்வி என்ன கேட்டிருப்பேன்? "எங்க இருக்கும்போது அதிகமாகுது? லீவு நாள்ல எப்படி இருக்கு?" என் பொண்ணுக்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கல. கேட்டது என் மனைவி. "ஞாயித்துக்கிழமை இவளுக்கு ஒண்ணுமே இல்லையே, கவனிச்சீங்களா?"

ஞாயித்துக்கிழமை நாங்க காரை எடுக்கிறதே இல்லை.

அதுக்கு முன்னாடியே வண்டிக்குள்ள ஒரு வாடை வந்துட்டு இருந்துச்சு. காயாத துணியை மூட்டை கட்டி வச்சா ஒரு மக்கின வாடை வரும் பாருங்க, அது. அதுக்கு நான் பண்ணின வைத்தியம், ஏ.சி. வென்ட்ல மாட்டுற ஜெல் பெர்ஃபியூம். லாவெண்டர். அதாவது, மூச்சுக்குழாய் ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கிற குழந்தையை, பூஞ்சை இருக்கிற மூடின பெட்டிக்குள்ள உட்கார வச்சு, மேல செயற்கை வாசனையையும் ஊதி விட்டேன். படிச்சது எம்.பி.பி.எஸ்., எம்.டி.!

அன்னைக்கு சாயங்காலமே பின் சீட் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேட் காஞ்சிருந்துச்சு. அதுக்குக் கீழ இருக்கிற கார்ப்பெட்டை அமுக்கினா லேசா ஈரம். கார்ப்பெட்டையும் ஒரு ஓரமா உரிச்சேன். அதுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு ஃபெல்ட் இருக்கும். அதைப் பிழிஞ்சா தண்ணி வடிஞ்சுது. கருப்பும் பச்சையுமா திட்டுத்திட்டாப் பூஞ்சை.

இந்த இடத்துல ஒண்ணு தெளிவா சொல்லிடணும். ஒரு குழந்தையை வச்சு ஆராய்ச்சி முடிவு எழுத முடியாது. நாங்க ஈரத்தை எடுத்தோம், பெர்ஃபியூமைத் தூக்கிப் போட்டோம், கொஞ்ச நாள்ல மழைக்காலமும் முடிஞ்சுது. இருமல் குறைஞ்சது இதுல எதனாலன்னு தனித்தனியா பிரிச்சுக் காட்ட என்னால முடியாது. ஆனா ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவை மோசமாக்கும் என்பது என் வீட்டுக் கதையை நம்பி நிக்கிற விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஈரம், பூஞ்சை பற்றி மட்டுமே ஒரு தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈரம் தங்கும் கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுப் பிரச்சினைகளும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து அதிகம் என்று அது சொல்கிறது. அது வீடுகளையும் கட்டடங்களையும் பற்றியது. காரும் நாலு பக்கம் மூடின ஒரு ரூம்தான், நம்ம வீட்டு பாத்ரூமை விடச் சின்ன ரூம். அதே காற்றை ஏ.சி. திரும்பத் திரும்ப நம்ம முகத்துல ஊதுது. பழைய சின்னக் கார்கள் சிலதுல கேபின் ஃபில்டரே கிடையாது.

சரி, தண்ணி எப்படி உள்ளே வந்துச்சு?

கதவைத் திறந்து வச்சு, கண்ணாடியை முழுசா இறக்கிட்டு, வெளிப்பக்கம் கண்ணாடி உள்ளே போற இடத்தை விரலால தடவிப் பாருங்க. கண்ணாடியோட ஒட்டி நிக்க ஒரு ரப்பர் உதடு இருக்கும். நம்ம ஊர் கடைகள்ல இதையும் பீடிங்னுதான் சொல்லுவாங்க. கண்ணாடி இறங்கும்போது மேல இருக்கிற தண்ணியையும் தூசியையும் வழிச்சு விடுறது அதோட வேலை. புதுசுல நம்ம காது மடல் மாதிரி மெத்துனு இருக்கும். எங்க வண்டியில அது காஞ்ச முருங்கைக்காய்த் தோல் மாதிரி விறைச்சு, சுருங்கி, ரெண்டு ஓரத்துலயும் விரல்கடை அளவு இடைவெளி விட்டிருந்துச்சு.

ரப்பர் ஏன் இப்படி ஆகுது? இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். காற்றில் இருக்கும் ஓசோன் அங்கேதான் கடிக்கும். அதனால்தான் வீட்டில் மேசை டிராயரில் கிடக்கும் ரப்பர் பேண்ட் கூட யாரும் தொடாமலே வெடித்துப் போகிறது. கார் பீடிங்குகளுக்குப் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது, அதனால் ஓசோனை நன்றாகத் தாங்கும். ஆனால் அதுவும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. வருஷக்கணக்கா கத்திரி வெயில், புற ஊதாக் கதிர், கண்ணாடியோட உரசுற மணல் எல்லாம் சேர்ந்தா விறைச்சுப் போகும். நிழல்ல நிக்கிற வண்டிக்கும் வெயில்ல நிக்கிற வண்டிக்கும் வித்தியாசம் அப்படியே தெரியும். எங்க வண்டியில தினமும் வெயில் படுற வலது பக்கக் கதவுகள்தான் ரொம்ப மோசம்.

இப்போ என்னோட ரெண்டாவது தப்பு.

ரப்பர் போச்சுன்னு தெரிஞ்சதும், ஒரு நாள் லீவு போட்டு ஜி.பி. ரோடு போனேன். நாலு கதவுக்கும் வெளிப்பக்க பீடிங் வாங்கினேன். தெருமுனை டிங்கர் கடைக்கார அண்ணன் அரை மணி நேரத்துல மாத்திக் கொடுத்துட்டார். பார்க்கவே அழகா இருந்துச்சு. அடுத்த மழை வந்துச்சு. வலது பக்கப் பின் கார்ப்பெட்டுல மறுபடியும் ஈரம்!

கோபத்தோட போனேன். அண்ணன் சிரிச்சுட்டு சொன்னார்: "சார், கதவுக்குள்ள தண்ணி போகத்தான் செய்யும். போன தண்ணி எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

20 வருஷமா கார் ஓட்டுறேன், எனக்கு இது தெரியாது. கார் கதவு என்பது நடுவில் வெற்றிடம் உள்ள பெட்டி. ரப்பர் எவ்வளவு புதுசா இருந்தாலும் மழையில கொஞ்சம் தண்ணி கண்ணாடி வழியா உள்ளே இறங்கும். அதுக்காகவே கதவோட அடி ஓரத்துல சின்னச் சின்ன ஓட்டைகள் வச்சிருக்காங்க. தண்ணி அது வழியா ரோட்டுக்குப் போயிடும். அது நம்ம பக்கம் வராம இருக்க, நாம கை வைக்கிற டோர் பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பாங்க.

எங்க வண்டியில என்ன ஆச்சுன்னா, பல வருஷமா விறைச்ச ரப்பர் இடுக்கு வழியா வேப்பிலையும் மணலும் உள்ளே போய், அடி ஓட்டை ரெண்டும் அடைச்சிடுச்சு. கதவுக்குள்ள தண்ணி தேங்குது. யாரோ எப்பவோ ஸ்பீக்கர் மாட்டினப்ப அந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சு அப்படியே விட்டிருக்காங்க. தேங்கின தண்ணி கிழிசல் வழியா கார்ப்பெட்டுக்கு. கதவை வேகமா ஆட்டினா உள்ளே 'சளக் சளக்'னு சத்தம் கேட்டிருக்கும். நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அண்ணன் ஒரு மெல்லிய ஒயரை அடி ஓட்டைக்குள்ள விட்டுக் குத்தினார். ஒரு சொம்பு தண்ணி, சேறு கலந்து கொட்டிச்சு. எனக்கு சீழ்க்கட்டி கீறி விட்ட ஞாபகம் வந்துச்சு. டாக்டர்களுக்கு இப்படித்தான் ஒப்புமை தோணும், சாப்பிட்டுட்டு இருக்கவங்க மன்னிச்சுக்கோங்க.

ஆக, குழந்தை விஷயத்துல பண்ணின அதே தப்பைத்தான் கார் விஷயத்துலயும் பண்ணியிருக்கேன். எங்கிருந்து வருதுன்னு பார்க்காம மருந்தை மாத்தினேன், எங்கிருந்து வருதுன்னு பார்க்காம ரப்பரை மாத்தினேன். அதனால என் கருத்து இதுதான். பழைய காருக்கு சீட் கவர், ஸ்டீரியோ, பெர்ஃபியூம் எல்லாத்துக்கும் முன்னாடி செலவு பண்ண வேண்டியது இந்த ரப்பர்களுக்கு. ஆனா ரப்பருக்கு செலவு பண்றதுக்கும் முன்னாடி, ஈரம் எந்த வழியில வருதுன்னு கண்டுபிடிங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஈரத்தோட ரகத்தை வச்சே பாதி தெரிஞ்சுடும்.

வெயில் காலத்துலயும் முன் சீட்டுக் காலடியில, குறிப்பா இடது பக்கம் ஈரமா? மழையே இல்லாத நாள்ல, ஏ.சி. போட்டு ஓட்டின பிறகுதான் வருதா? அது பெரும்பாலும் ஏ.சி. தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கு. ரப்பருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணி பிசுபிசுன்னு, இனிப்பு வாடையோட, கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி படியுதா? ரேடியேட்டர் கூலண்ட் ஹீட்டர் பக்கம் கசியுது. அதை உடனே பார்க்கணும். கூலண்ட் விஷம், குழந்தை கையில படக்கூடாது. மழைக்குப் பிறகோ வாட்டர் வாஷ் பண்ணின பிறகோ மட்டும் ஈரம் வந்தா, அப்போதான் ரப்பர், கதவு, டிக்கி, முன் கண்ணாடி ஓரம், பானட்டுக்குப் பின்னாடி இலை அடைக்கிற பள்ளம் எல்லாம் சந்தேக வளையத்துக்குள்ள வருது.

அதுக்கு ஒரு சோதனை. உள்ளே ஒருத்தர் டார்ச்சோட உட்காரணும். வெளியே ஒருத்தர் ஹோஸ் பைப்பை மெதுவா விட்டு, கீழ இருந்து மேல வரணும். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு மூணு நிமிஷம். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு, எது ஓட்டைன்னே தெரியாது. எங்க வீட்டுல உள்ளே டார்ச்சோட உட்கார்ந்தது பொண்ணுதான் (கார்ப்பெட்டை எல்லாம் எடுத்து வெளியே போட்ட பிறகு). அவளுக்கு அன்னைக்கு ஒரே குஷி.

கதவு பாடியோட சேர்ற இடத்துல சுத்தி வர்ற தடிமனான டோர் பீடிங்குக்கு இன்னொரு சோதனை இருக்கு. பத்து ரூபாய் நோட்டை வச்சு கதவை மூடுங்க, மெதுவா இழுங்க. பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா நல்லது. வெண்ணெய்ல இருந்து கத்தி எடுக்கிற மாதிரி வந்துட்டா அந்த இடத்துல ரப்பர் அமுங்கிப் போச்சு. கதவைச் சுத்தி ஒரு சாண் இடைவெளியில இப்படிப் பார்த்துட்டு வாங்க. நோட்டு கிழிஞ்சா என்னைக் கேட்காதீங்க, வெத்துப் பேப்பர் வச்சும் பார்க்கலாம்.

மாத்துறதைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கடைக்காரங்களுக்குத் தெரியும். ஆனா பக்கத்துல நின்னு சிலதை மட்டும் கவனிங்க. வெளிப் பீடிங்கை நெம்பி எடுக்கும்போது பெயிண்ட் மேல டேப் ஒட்டச் சொல்லுங்க. இல்லன்னா ஸ்க்ரூடிரைவர் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும், அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும். கண்ணாடி ஏறி இறங்குற சேனல் ரப்பரை மாத்தும்போது, புதுசு போடுறதுக்கு முன்னாடி அந்தத் தடத்துல இருக்கிற மணலை சுத்தமா எடுக்கணும். மூலைகளை முதல்ல உட்கார வச்சுட்டுத்தான் நேர்ப் பகுதிக்கு வரணும். ரப்பரை இழுத்து நீட்டிப் போட்டா இன்னைக்கு சரியா இருக்கும், ஒரு மாசத்துல சுருங்கி மூலையில வாய் பிளக்கும். வழுக்க வைக்க சோப்புத் தண்ணி போதும்.

சேனல் ரப்பர் மாத்தினதுல எனக்கு ஒரு போனஸ். பின் கண்ணாடி முனகிக்கிட்டே ஏறும், கிளாஸ் மிஷின் போச்சுன்னு நினைச்சிருந்தேன். மிஷினுக்கு ஒண்ணுமில்லை. விறைச்ச ரப்பர் கண்ணாடியைக் கவ்விப் பிடிச்சிருந்திருக்கு.

டோர் பீடிங் புதுசு போட்டா கொஞ்ச நாள் கதவு மூட முரண்டு பிடிக்கும். பயந்து போய் ஓங்கி அடிக்காதீங்க. ஒரு கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டுட்டு மூடுங்க, உள்ளே மாட்டுற காத்து வெளியேறிடும், கதவு சுலபமா விழும். சில வாரத்துல தானா பழகிடும்.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. இடுக்கெல்லாம் சிலிகான் பேஸ்டைப் பிதுக்கி 'லீக் அடைச்சாச்சு'ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. கதவோட அடி ஓட்டையையும் சேர்த்து அடைச்சு வச்ச வண்டியை என் கண்ணால பார்த்திருக்கேன். வர்ற வழி அப்படியே இருக்கு, போற வழியை அடைச்சா தண்ணி எங்க போகும்? நம்ம மடிக்குத்தான் வரும்.

அதே மாதிரி, ரப்பர் பளபளன்னு இருக்கணும்னு இஞ்சின் ஆயில், டீசல், கிரீஸ், வாஸ்லின் எல்லாம் தடவாதீங்க. ஈ.பி.டி.எம். ரப்பருக்கு பெட்ரோலியம் எண்ணெய் ஆகாது. உப்பி, தளர்ந்து போயிடும். ரெண்டு நாள் மினுக்கு, ரெண்டு வருஷ ஆயுசு காலி. ஈரத்துணியில துடைச்சு, காஞ்ச பிறகு சிலிகான் ஸ்ப்ரே லேசா போட்டா போதும்.

இப்போ ஈரத்தை விடப் பெரிய விஷயத்துக்கு வர்றேன். டிக்கி பீடிங்.

கார் ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். ஹேட்ச்பேக், வேன் மாதிரி பின்பக்கம் வெட்டி விட்ட மாதிரி முடியும் வண்டிகளில் இது அதிகம். ஓடும் வண்டியின் பின் கண்ணாடியில் தூசி அப்பிக்கொள்வதும் இதனால்தான். சைலன்சர் புகை வெளியே வருவதும் அதே இடத்தில்தான். அங்கே டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தால், புகை உள்ளே வர ஒரு வாசல் திறந்திருக்கு என்று அர்த்தம். டிக்கியைத் திறந்து வச்சு சாமான் ஏத்திட்டு ஓட்டுறது எவ்வளவு ஆபத்துன்னு இப்போ புரியும்.

புகையில் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் 1995 முதல் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அது இந்த வாயுவைப் பெருமளவு குறைக்கும். ஆனா கன்வெர்ட்டர் சூடாகிற வரைக்கும் சரியா வேலை செய்யாது. பழசாகிப் போச்சுன்னாலும் செய்யாது. அதுக்கு முன்னாடியே சைலன்சர் குழாய்ல ஓட்டை இருந்தா, புகை கன்வெர்ட்டரையே எட்டாது.

இங்க நியாயமா ஒண்ணு சொல்லணும். விஷ வாயுவுக்குக் காரணம் ரப்பர் இல்லை. காரணம் ஓட்டை சைலன்சரும் சரியா எரியாத இஞ்சினும். ரப்பர் ரெண்டாவது மதில்தான். முதல் மதிலை சரி பண்ணாம ரெண்டாவதை மட்டும் பூசினா பிரயோஜனமில்லை. வண்டி சத்தம் திடீர்னு கரகரப்பா மாறினா, கீழே இருந்து புஸ்ஸுன்னு சத்தம் வந்தா, முதல்ல சைலன்சரைப் பாருங்க.

எப்படி சந்தேகப்படுறது? தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. இதெல்லாம் வெயிலுக்கும் வரும், பசிக்கும் வரும், வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறினாலும் வரும். வித்தியாசம் இதுதான். வண்டியில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்கும். இறங்கி வெளிக்காத்துல நின்னா கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். மறுபடி ஏறினா மறுபடி வரும். 'இந்தப் பிள்ளைக்கு கார்ல போனாலே வாந்தி'ன்னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அது வெறும் பயண மயக்கம்தான். ஆனா பழைய வண்டியில மட்டும், அதுவும் பின் சீட்டுல உட்கார்ந்தா மட்டும் வருதுன்னா வண்டியையும் ஒரு தடவை சந்தேகப்படுங்க.

கொரோனா காலத்துல எல்லார் வீட்டுலயும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கினோம். அதை நம்பி ஏமாறாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. மூளை ஆக்சிஜனுக்குத் தவிக்கும்போதும் அது 98 என்று காட்டலாம். சந்தேகம் வந்தா வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைச்சு, எல்லாரும் வெளியே வாங்க. தலைவலி விடலன்னாலோ, யாராவது குழம்பின மாதிரி பேசினாலோ, கர்ப்பிணி, இதய நோயாளி, குழந்தை யாராவது இருந்தாலோ, தாமதிக்காம ஆஸ்பத்திரி. அங்க போய் "வண்டிக்குள்ள இருந்தப்ப வந்துச்சு" என்ற ஒரு வரியை மறக்காம சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் டாக்டருக்கு அந்த ரத்தப் பரிசோதனை ஞாபகம் வரும். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே 4-5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியாகும். அதனாலதான் ஆஸ்பத்திரி.

ரப்பர் எல்லாம் புதுசுதானேன்னு மூடின ஷெட்டுக்குள்ள இஞ்சினை ஓட விட்டு ஏ.சி.யில தூங்காதீங்க. எந்த ரப்பரும் அதுக்குக் காப்பு இல்லை. இன்னொண்ணு, ரப்பர் டைட்டா ஆன பிறகு உள்காத்தையே சுத்த விட்டு மணிக்கணக்கா ஓட்டினா, நாம விடுற மூச்சே உள்ள சேர்ந்து தூக்கம் வரும். வெளிக்காத்து வர்ற பட்டனை இடையிடையே போட்டு விடுங்க. மூடுறதுக்குத்தான் ரப்பர் மாத்தினோம், ஆனா திறக்க வேண்டிய நேரத்துல நாமதான் திறக்கணும்.

'இவ்வளவு பழைய வண்டிக்கு எதுக்கு சார் செலவு, வித்துட்டுப் புதுசு வாங்குங்க'ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. எனக்கு இந்த வாதம் பிடிக்காது. முடிஞ்சவங்க வாங்கட்டும். நாம வித்த வண்டி காத்துல கரைஞ்சா போயிடுது? முதல் தடவையா கார் வாங்குற ஒரு குடும்பம், லட்ச ரூபாய்க்கு அதைத்தான் வாங்கப் போகுது. பாட்டியும் கைக்குழந்தையும் அதே ஈரக் கார்ப்பெட் மேலதான் உட்காரப் போறாங்க. வித்தாலும் சொல்லிட்டு வித்துடுங்க, இல்லன்னா மாத்திட்டு வித்துடுங்க. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போறப்ப பெயிண்டுக்கும் டயருக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்றோம். எனக்கு வெளிப் பீடிங், ரெண்டு கதவு சேனல் ரப்பர், டோர் பீடிங், கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மாடலைப் பொறுத்து உங்களுக்குக் கூடக்குறைய ஆகலாம். அந்த இன்ஹேலருக்கு வருஷத்துக்கு நான் செலவு பண்றதை விட இது குறைவுதான்.

வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் எத்தனையோ வண்டிகளை முக்கி எடுத்துச்சு. அதுல சிலது துடைச்சு, செண்ட் அடிச்சு மறுபடி சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை இருக்கான்னு. சீட்டுக்குக் கீழ கம்பியில துரு இருக்கான்னு பாருங்க. மேட்டுக்குக் கீழ இருக்கிற கார்ப்பெட்டைக் கையால அமுக்குங்க. உள்ளே பெர்ஃபியூம் வாசனை தூக்கலா இருந்தா, எதை மறைக்கிறாங்கன்னு யோசிங்க.

ஈரமாயிடுச்சுன்னா என்ன பண்றது? 24-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சுட்டா பூஞ்சை பிடிக்கிறதை பெரும்பாலும் தடுத்துடலாம். மேட்டை மட்டும் வெயில்ல போட்டா பத்தாது. சீட்டைக் கழட்டி, கார்ப்பெட்டையும் அடி ஃபெல்ட்டையும் எடுத்துக் காய வைக்கணும். எங்க கார்ப்பெட் மூணு நாள்ல காஞ்சுது, ஃபெல்ட் ஒரு வாரம் ஆகியும் நடுவுல ஈரம். வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டோம். பூஞ்சை பிடிச்சதை உரிக்கும்போது என்95 மாஸ்க் போட்டுக்கோங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க அந்த வேலையில கை வைக்கவே வேண்டாம், பக்கத்துல நின்னு மேஸ்திரி வேலையும் பார்க்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். இதைப் படிச்சுட்டு 'கார்தான் காரணம்'னு குழந்தையோட இன்ஹேலரை நிறுத்திடாதீங்க. என் பொண்ணு இன்னும் பழைய குறைஞ்ச டோஸ்ல எடுத்துக்கிட்டுத்தான் இருக்கா. டோஸைக் குறைச்சதும் அவளைப் பார்க்கிற குழந்தை டாக்டர்தான். நான் இல்லை. சொந்தப் பிள்ளைக்கு நான் எவ்வளவு நல்ல டாக்டர்னு மேலேயே படிச்சீங்களே.

இப்போதைக்கு எங்க வண்டியில மிச்சம் இருக்கிறது டிக்கி பீடிங் மட்டும்தான். இந்த மாடலுக்கு ஜி.பி. ரோட்டுல புதுசு கிடைக்கல. மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற ரகம் ஒண்ணு காட்டினாங்க, தடிமன் ஒத்து வரல, வேண்டாம்னுட்டேன். புதுப்பேட்டையில ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். சைலன்சரைத் தூக்கிப் பார்த்தாச்சு, ஓட்டை இல்லை. இருந்தாலும் பீடிங் வர்ற வரைக்கும் பொண்ணு முன் வரிசைப் பிள்ளைகளோட ஸ்கூல் பஸ்லதான் போறா. அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னு வேற சொல்றா.